குளிப்பாட்டிக் கொண்டுவராதீர்கள்

மழை தொடங்கப் போகிற வாரத்தில், மட்டாஞ்சேரியில், ஈர நாய்களை உலர்த்தித் தருவதற்கென்று ஒரு கடையைத் திறந்த மடையன் நான். இந்த ஊரில் துவைத்த வேட்டி நாள்கணக்காகக் கொடியில் தொங்கிவிட்டு, காயாமலேயே அலமாரிக்குள் போய்விடும். உப்பு ஜாடிக்குள் கரண்டி விட்டால் தண்ணீர்தான் வரும். இங்கே வந்து, அடிமுடி வரை காயவைத்துத் தருகிறேன் என்று பலகை மாட்டினேன். போதாததற்கு என் தலையில் பேருக்குக்கூட முடி கிடையாது. பல் போனவன் முறுக்குக் கடை வைத்த கதைதான். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால், நானே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்திருப்பேன்.

இப்போதெல்லாம் சிரிப்பதற்கே அலுப்பாக இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே முதுகு ஒரு வார்த்தை சொல்லும். நாய் மேசைமேல் நிமிர்ந்து நிற்கும். நான் அதன் வயிற்றுக்கடியில் குனிந்து கிடப்பேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு யார் எஜமான் என்பதில் சந்தேகமே வராது. ட்ரையரின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. வீட்டில் மனைவி பேசுவதில் பாதிதான் விழுகிறது, இந்தத் தொழிலில் கிடைத்த ஒரே போனஸ் என்று ஒருநாள் சொன்னேன். மிச்சப் பாதியும் அன்றோடு கொஞ்சநாள் நின்றுபோனது. சாயாவில் முடி, சட்டைப்பையில் முடி, சாம்பாரில் முடி. முடி வந்து சேராத ஒரே இடம் என் தலைதான்.

கடை இருப்பது சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகளுக்கு நடுவில். மிளகு மூட்டை இறக்குகிற நேரமெல்லாம் என் கடை நாய்கள் வரிசையாகத் தும்மும். “நீ குளிப்பாட்டித்தான் சளி பிடிச்சுது” என்று பழி எனக்கு வரும். அதையும் வாங்கி வைத்துக்கொள்வேன். பதில் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

ஆனால் என் முதுகை உண்மையில் ஒடித்தது மிளகும் இல்லை, மழையும் இல்லை. இந்த ஊர்க்காரர்களின் மானம். அழுக்கு நாயைக் கடைக்குக் கொண்டுவர அவர்களுக்குக் கூச்சம். வேலைக்கு ஆள் வருவதற்கு முன்னால் வீட்டைப் பெருக்கித் துடைத்து வைக்கிறவர்கள் உண்டல்லவா, அதே ரகம். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, வீட்டுச் சோப்பைப் போட்டுத் தேய்த்து, மேலாக ஒரு துண்டால் துடைத்து, நெற்றியில் குடுமி கட்டிக் கூட்டி வருவார்கள். சிக்கு விழுந்த முடியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று துறைமுகத்தில் படகுக் கயிறு கட்டுகிற எவரைக் கேட்டாலும் சொல்வார்: முடிச்சு இறுகும். மேலே பார்த்தால் பட்டு மாதிரி இருக்கும். அடியில் கை விட்டால் நனைந்த கோரைப்பாய். ‘குளிப்பாட்டிக் கொண்டுவராதீர்கள்’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வாசலில் ஒட்டினேன். நின்று நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வந்து, “ரொம்ப இல்ல, சும்மா ஒரு தண்ணி ஊத்தினேன்” என்பார்கள்.

அந்த அக்காவும் அப்படித்தான் வந்தார், ஆடி மாதத்து மழையில், ஒரு கையில் குடையும் இடுப்பில் நாயுமாக.

இரண்டு தெரு தள்ளி வீடு. தலைமுறைகளாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். அக்காவின் கணவர் வெலிங்டன் தீவில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் அவர்தான் நாயைக் கொண்டுவருவார். நீளமுடிக்காரக் குட்டை நாய், ஷிட்சு ஜாதி, வெள்ளையும் தவிட்டு நிறமும் கலந்தது. நான் வேலை செய்ய, அவர் முக்காலியில் உட்கார்ந்து என்னை வேலை செய்யவிடாமல் பார்த்துக்கொள்வார்.

“எடா, இவ முடியில கொஞ்சம் எடுத்து உன் மண்டையில ஒட்டிக்கப்படாதா? வாசல்ல நிக்கறப்ப கடைக்கு ஒரு ஐசுவரியம் இருக்கும்.”

“ஒட்டினா அதையும் நானேதானே அண்ணா குளிப்பாட்டணும்?”

போன வருடம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வலது கை தொங்கிப்போனது. நாக்கும் தடித்து, பேச்சு ஒரு சொல் இரண்டு சொல்லோடு நின்றுவிடும். அதன்பிறகு அவரும் கடைக்கு வரவில்லை, நாயும் வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. ஓயாமல் பேசின மனிதரை அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா நாயை மேசைமேல் இறக்கினார். குளித்துவிட்டு வந்த வாசனைச் சோப்பு மணம்; அதற்கு அடியில் வேறொரு வாடை.

“அவரையும் பாத்து, இவளையும் பாத்து, என்னால ஆகல தம்பி. மேலால மட்டும் சீவிவிடுவேன். நீ குளிப்பாட்டிச் சிக்கு எடுத்துக் குடு போதும். ஆனா வெட்டவே கூடாது, கேட்டோ.”

“ஏன் அக்கா, மழைக்காலத்துல கொஞ்சம் குட்டையா இருந்தா...”

“வேண்டாம். கைக்கு எக்ஸர்சைஸ் சொல்லித்தர ஒரு பொண்ணு வருது. ரப்பர் பந்து குடுத்து அமுக்கச் சொல்லுது. அவர் எடுத்து எறிவார். இவ மடியில ஏறிப் படுத்தாத்தான் விரலை மடக்கி முடியைப் பிடிப்பார். இவளாலதான் இப்ப ரெண்டு விரல் நல்லா மடங்குது. கட்டை விரல்தான் இன்னும் மரமாட்டம் கிடக்கு. முடி போயிட்டா அவர் எதைப் பிடிப்பார், சொல்லு.”

எங்கள் தொழிலில் ஒரே ஒரு வேதம்தான் உண்டு: அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் வாக்குக் கொடுக்காதே. அக்காவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்ததும் வேதத்தை மறந்தேன்.

“ஒரு முடி போகாது அக்கா. என் தலைமேல சத்தியம்.”

அக்கா என் தலையைப் பார்த்தார். “உன் தலைமேலயா?” என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு குடையை விரித்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் நாயின் முதுகில் விரலை விட்டேன். விரல் பாதியில் நின்றது. பக்கவாட்டில் விட்டேன், நின்றது. அக்குளில், வயிற்றில், தொடையிடுக்கில், எங்கேயும் தோல் தட்டுப்படவில்லை. மாதக்கணக்கில் விழுந்த சிக்கின்மேல் காலையில் ஊற்றின தண்ணீர் இறங்கி, எல்லாம் ஒரே கம்பளமாக இறுகியிருந்தது. இன்னும் ஈரம்.

ஆனாலும் சத்தியம் செய்தவனல்லவா? ட்ரையரைப் போட்டேன், ஈரத்தை உறிஞ்சச் சோளமாவைத் தூவினேன், கம்பி பிரஷ்ஷை வைத்துவிட்டு விரலாலேயே ஒவ்வொரு முடிச்சாகப் பிரிக்க உட்கார்ந்தேன். இரண்டு காதையும் வாலையும் அப்படி மீட்டுவிட்டேன். அதற்குள் என் தோள்பட்டை கழன்று விழும்போல் இருந்தது. விலாப் பக்கம் வந்தபோது, எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் முடியோடு தோலும் சேர்ந்து எழும்பி வந்தது. அவள் கத்தவில்லை, கடிக்கவும் இல்லை. கழுத்தைத் திருப்பி என் மணிக்கட்டை நக்கினாள். நிறுத்து என்று நாய்கள் கெஞ்சுவது அப்படித்தான். நான் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று பிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பவும் நக்கினாள்.

ஒரு முடிச்சை ஓரத்தில் தூக்கி, விளக்கை அருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். அடியில் தோல் சிவந்து, கசிந்துகொண்டிருந்தது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, நான் சொன்னது தப்பாப் போச்சு. முழுக்க எடுத்தாகணும்.”

“ஒரு முடி போகாதுன்னியே.”

“சொன்னேன். அடியில புண்ணு இருக்கு அக்கா. காத்துப் படணும். இல்லேன்னா சீழ் வச்சிடும். நான் இழுக்க இழுக்க, பாவம், என் கையை நக்கிட்டு நிக்குது.”

“நான் காலையில குளிப்பாட்டினது தப்போ?” என்றார்.

“இல்ல அக்கா. மழை.”

“அப்ப எடு. ஆனா அவர்ட்ட நீயே வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்” என்று வைத்துவிட்டார்.

க்ளிப்பரை வைத்து ஓட்டினேன். அந்த முடி உதிரவில்லை. பழைய ஸ்வெட்டரைக் கழற்றுகிற மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வந்தது. மேசை ஓரத்தில் வைத்தால் தானே நின்றது. உள்ளேயிருந்து வெளிவந்தது மழையில் நனைந்த பெருச்சாளி அளவுக்கு ஒரு இளஞ்சிவப்பு ஜீவன். இரண்டு காதும் வாலும் மட்டும் பெரிய வீட்டுப் பிள்ளையாட்டம் ஆடின. மேசையிலிருந்து இறக்கிவிட்டதும் கடை முழுக்க ஓடினாள், உடம்பை உதறினாள், பழைய முடிக் குவியலை மோந்துவிட்டுத் தும்மினாள். இத்தனை நாளாக நடக்கக்கூட வலித்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அவள் ஓட்டத்தைப் பார்த்து ஒரு நிமிடம் என் முதுகுவலி மறந்தது உண்மை. அடுத்த நிமிடமே, அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பு வந்து வலியையும் கூட்டி வந்தது.

துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து, மழையில் நடந்தேன். வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை. எல்லாமே அசட்டு ஜோக்காகத்தான் வந்தது. பயம் வந்தால் எனக்கு வேறு மொழி வராது.

அண்ணன் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். ரப்பர் பந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது.

“மண்டை” என்றார்.

“ஆமா அண்ணா, அதே மண்டைதான். இன்னைக்குத் துணைக்கு ஒரு ஆளும் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்று துண்டை விலக்கி அவளை மடியில் விட்டேன்.

சிரித்த பாதி அணைந்தது. இடது கையால் வலது கையைத் தூக்கி நாயின் முதுகில் வைத்தார். விரல்கள் மடங்கின. பிடிக்க ஒன்றுமில்லை. வழுக்கிக்கொண்டு போய்த் தொடையில் விழுந்தன. மறுபடி தூக்கி வைத்தார். மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவை தூக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, காய்ந்திருக்க வாய்ப்பே இல்லாத ஒரு துணியை மடித்தார்.

என் வாய் அவிழ்ந்துகொண்டது. “வளர்ந்துரும் அண்ணா. நல்லா வளர்ந்துரும். என்னை மாதிரி இல்ல, இவளுக்கு வேர் இருக்கு. அதுவரைக்கும் நானே தினம் வந்து நிக்கறேன், என் மீசையைப் பிடிச்சுக்குங்க. நல்லா இழுங்க, கேக்க ஆளில்ல...”

எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவள்தான் மடியில் ஒரு சுற்றுச் சுற்றி, வசதி பார்த்து, தொடையில் கிடந்த அந்தக் கைக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தாள். விரல்களில் காது பட்டது. மடங்கின. முடியைப் பிடித்து, நழுவவிட்டு, மெதுவாகக் காதின் பின்பக்கம் போய் அங்கேயே நின்றன. எதையோ உருட்டின. எட்டிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு. ஆள்காட்டி விரல் அதை ஒரு பக்கம் அணை கொடுத்துப் பிடித்திருந்தது. மறுபக்கத்திலிருந்து கட்டை விரல், யாரோ வேறொருவருடைய விரல் போல, நடுங்கி நடுங்கி வந்து முட்டியது.

என் தொழில் புத்திக்கு அந்த முடிச்சுதான் தெரிந்தது.

“அடடா, இது ஒண்ணு விட்டுப்போச்சே. கையை எடுங்க அண்ணா, ஒரு நிமிஷத்துல பிரிச்சு விட்டுடறேன்” என்று சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

“தொடாதே” என்றார் அண்ணன்.