மாமன் மாப்ளே சண்டையும் ஒரு வாய்ஸ் மெசேஜும்

வெறுப்புப் பேச்சு, வெறுப்புக் குற்றம் பற்றி வரும் தகவல்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. தேனி மாவட்டத்தில் சில அமைப்புகள் சேர்ந்து ஒரே ஆன்லைன் ஷீட் வைத்திருந்தோம். யார் பதிவு போட்டாலும் நேரில் விசாரித்து 'உறுதி' அல்லது 'நீக்கு' என்று குறிக்க வேண்டும்.

சேர்ந்த அன்றே ஒரு பதிவு வந்தது. போடி கடைத்தெருவில் மளிகைக்கடை ரஃபீக் அண்ணனை ஒரு விவசாயி மதத்தைச் சொல்லிக் கேவலமாகத் திட்டினார் என்று ஒரு தன்னார்வலர் போட்டிருந்தார். பயந்துகொண்டே போனேன். திட்டியவர் அந்தக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பெயர் பெருமாள். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் கூட்டாளிகளாம்; மாமா, மாப்ளே என்று கூப்பிட்டு விளையாட்டாக இப்படித் திட்டிக்கொள்வது வழக்கமாம். விஷயத்தைச் சொன்னதும் ரஃபீக் அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. பதிலுக்குத் தான் திட்டியதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

'நீக்கு' போட்டுவிட்டுக் கிளம்பினேன். பெருமாள் அண்ணன் விடவில்லை.

"ஆத்தா, எழுத வேண்டியத எழுதாமப் போற. மாப்ளே, அந்த வாய்ஸ் மெசேஜப் போட்டுக் காட்டு."

ரஃபீக் அண்ணன் முகம் மாறியது. "அது எதுக்கு மாமா இப்ப? எழுதுனா இன்னும் நாலு பேருக்குத் தெரியும். அம்புட்டுத்தான்."

போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய் ஜீப்பில் திரும்பும் பெண்கள் சாயங்காலம் அவரிடம்தான் சாமான் வாங்குவார்கள். கொஞ்ச நாளாக ஜீப்புகள் நிற்காமல் போயின. அந்தக் கடை அரிசியில் பிள்ளை பிறக்காமலிருக்க மருந்து கலக்கிறார்கள், அந்த ஆட்களிடம் எதுவும் வாங்காதீர்கள் என்று ஓர் ஆண் குரல் அவர்களுடைய வாட்ஸப் குரூப்புகளில் சுற்றிக்கொண்டிருந்தது. ஷீட்டில் அவர் பெயரோ கடைப் பெயரோ வராது என்று விளக்கிச் சொன்னேன். சரி என்று போனை எடுத்து அந்த மெசேஜைப் போட்டார்; பேச்சுக்கு நடுவில் ஓர் இருமலும் கேட்டது.

அலுவலகத்தில் பதிவு போடும்போது, கம்பத்து அமைப்பு முன்பே போட்டிருந்த ஒரு பதிவு கண்ணில் பட்டது. அதே வாக்கியங்கள். ஆடியோவை வாங்கிக் கேட்டேன். அதே குரல், நடுவில் அதே இருமல். கடைப் பெயர் மட்டும் வேறு.

இரண்டு கடைக்காரர்களிடமும் சம்மதம் கேட்டு ஒருவரை ஒருவர் பேசவைத்தேன். சேர்ந்தே போய் போலீஸில் புகார் கொடுத்தார்கள். பேசியவன் அகப்பட நாளாயிற்று. பெருமாள் அண்ணன் அதுவரை பொறுக்கவில்லை. அவர்கள் இருவரும் சரி என்றதும், ஜீப் ஸ்டாண்டில் போய் நின்று இரண்டு ஆடியோவையும் அடுத்தடுத்துப் போட்டார்.

"நல்லாக் கேளுங்க ஆத்தா. ஊரு மாறுது, கடை மாறுது, இருமல் மட்டும் மாறல."

இரண்டாவது இருமலுக்கு ஜீப்பே சிரித்ததாம்.

அந்த வாரமே கடை முன்னால் ஒரு ஜீப் நின்றது. முதலில் இறங்கிய பெண் தலையைக் குனிந்துகொண்டு அரிசி கேட்டார். ரஃபீக் அண்ணன் எப்போதும்போல நிறுத்துக் கொடுத்தார். பிறகு எனக்கு போன் செய்தார்.

"எல்லாரும் வர்றாங்கம்மா. அதையும் எழுதிக்கிறீங்களா?"

எங்கள் ஷீட்டில் அதற்கு இடமில்லை. அடுத்த கூட்டத்தில் சண்டை போட்டு, 'பிறகு என்ன ஆனது' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் பதிவைத் தொடங்காதீர்கள், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் முடிக்காதீர்கள்.