நாற்பது கம்பிகள்

சத்தியமாகச் சொல்கிறேன், பேய் என்று யாராவது வாயைத் திறந்தால் "போய் வேலையப் பாருய்யா" என்று விரட்டுகிற ஆள் நான். 1961 அக்டோபர் 14, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். நடந்ததில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. என் பெயர் சிலுவைராஜ். சிங்கப்பூர் ஜாலான் புசாரில் சைக்கிள் கடை. கோட்டம் எடுப்பதில் என்னை அடிக்க ஆளே இல்லை என்று அப்போது எனக்கு ஒரு திமிர்.

கோட்டம் என்றால், சக்கரம் சுற்றும்போது ரிம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுவது. எந்தப் பக்கம் இழுக்க வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கம்பியை, முனையில் இருக்கும் நிப்பிள் என்ற திருகைச் சாவி போட்டுத் திருப்பி இறுக்க வேண்டும். அதுதான் முறை. எதிர்ப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்தினாலும் ரிம் நேராகிவிடும், பார்க்க அழகாகச் சுற்றும். ஆனால் பாரம் ஏறினால் மடங்கிவிடும். நகத்தால் சுண்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இறுகிய கம்பி 'ணிங்' என்னும். தளர்ந்தது 'டொக்'.

அன்று மூன்று மணிக்கு மாணிக்கம் வந்தான். செம்பவாங் கப்பல் தளத்தில் வேலை, வீடும் அங்கேதான். அரை நாள் முடித்து நேராக வந்திருந்தான். பின்சக்கரம் குடிகாரன் மாதிரி ஆடியது.

"அண்ணே, வீட்ல தங்கத்துக்கு ஏழு மாசம். நாளைக்குப் பின்னால ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போகணும். நல்லா இறுக்கிக் கொடுங்க லா."

"கவலைய விடுடா. யானையே ஏறலாம்" என்றேன்.

நிப்பிள்கள் துருவேறிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஊற வைத்து இறுக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். எனக்கோ நாலே முக்காலுக்கு ஸ்டேடியத்தில் பந்தாட்டம். இறுக்க வேண்டிய கம்பிகளை நான் தொடவே இல்லை. எதிர்ப் பக்கத்தில், திரும்புகிற எட்டுக் கம்பிகளைப் பார்த்துத் தளர்த்தினேன். சக்கரம் நேராகச் சுற்றியது. நாலு மணிக்கு அவன் சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. ஏழு மாதக்காரி அந்தச் சக்கரத்தின் மேல் உட்காரப் போகிறாள்... ஐந்தரைக்கு மழை கொட்டி ஆட்டமே நின்றுபோனது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் செம்பவாங் போய், அவர்கள் கிளம்புவதற்குள் சரி செய்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். மழைக்கு ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, சாவியை எடுக்கக் கடைக்குத் திரும்பினேன். மணி ஏழு பத்து. மழை விடவில்லை.

ஏழு இருபத்தைந்து. வாசலில் சைக்கிள் மணி.

கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், அதுதான் அஞ்சடியில், மாணிக்கம் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். முகம் இருட்டில் இருந்தது.

"கம்பி லூசு, அண்ணே."

எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசிவிட்டது. "தப்புதான்டா. மன்னிச்சுக்க. இப்பவே பாக்குறேன்" என்று பின்சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினேன்.

வெளியே அத்தனை மழை. டயரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

சாவியைப் போட்டேன். மதியம் அசையாத நிப்பிள், எண்ணெய்க் குளியல் போட்டது மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது. கம்பிகள் ஐஸாகச் சில்லிட்டன.

"டீ சொல்லட்டுமா?"

"இறுக்குங்க."

"இந்த மழையில எப்படிடா வந்தே?"

"தங்கத்த ஏத்தணும்."

குனிந்து அவன் காலைப் பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை.

 ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினேன். ணிங்... ணிங்... ணிங்...

முப்பத்தொன்பது.

நாற்பதாவதை நான் சுண்டவில்லை.

ணிங்...

மாதாவே!

திரும்பினேன். அவன் இல்லை.

ஸ்டாண்டில் சக்கரமும் இல்லை.

என் கையிலிருந்த சாவியும் இல்லை.

மணி ஏழு ஐம்பது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். மாணிக்கம் வீட்டு வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டு மங்களம்தான் சொன்னாள். நேற்று வீட்டுக்கு வருகிற வழியில், சாயங்காலம் ஐந்து இருபதுக்கு, வளைவில் பின்சக்கரம் மடங்கி விழுந்திருக்கிறான். தலையில் அடி. அந்த இடத்திலேயே போய்விட்டது உயிர்.

"ஒத்தச் செருப்பு இன்னும் கெடைக்கலீங்க" என்றாள்.

சைக்கிளை யாரோ தூக்கி வந்து சுவரோரம் சாய்த்திருந்தார்கள். ரிம் எட்டு மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அப்படி மடங்கிய சக்கரத்தில் பாதிக் கம்பிகளாவது தொளதொளவென்று ஆடியாக வேண்டும். சுண்டிப் பார்த்தேன். நாற்பதும் ணிங். பின் கேரியரில் என் சாவி தொங்கியது. அதில் என் மனைவி பிரிஜட் அடையாளத்துக்குக் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு அப்படியே இருந்தது.

தங்கம் என்னை உள்ளே கூப்பிட்டாள். அவள் அழவில்லை.

"அண்ணே, நேத்து எட்டு மணிக்கு வாசல்ல மணி அடிச்சாரு. 'சக்கரம் இப்ப நல்லாருக்கு, ஏறு'ன்னாரு. நானும் ஏறப் போயிட்டேன். மங்களம் அக்காதான் கையப் புடிச்சு உள்ள இழுத்தாங்க."

ஜாலான் புசாரிலிருந்து செம்பவாங்கிற்குப் பத்து நிமிடத்தில் எவன் வர முடியும்?

எதற்காக என்னை இறுக்கச் சொன்னான் என்று அப்போதுதான் உறைத்தது. வெளியே ஓடினேன். நாற்பது கம்பியையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். 'டொக்' என்று கேட்கும்வரை தளர்த்தினேன். "பாவம், புத்தி பேதலிச்சிருச்சு" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அழுதுகொண்டே சாவியை மடியில் செருகிக்கொண்டேன். அவனைக் கொன்றது என் சோம்பேறித்தனம். அந்த எட்டுக் கம்பியைப் பற்றித் தங்கத்திடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று வரை வரவில்லை.

டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். பார்க்கப் போனேன். தங்கம் கதவைச் சாத்திவிட்டு மெல்லக் கேட்டாள்.

"அண்ணே, அந்தச் சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்கும்மா. ஏன்?"

"யாரு வந்து கேட்டாலும் கொடுத்துடாதீங்க." தொட்டிலைப் பார்த்தாள். "டெய்லி எட்டு மணிக்கு வந்து சாவி எங்கன்னு கேக்குறாரு. இப்ப ரெண்டு பேரையும் ஏத்தணுமாம்."