நெடுந்தீவின் ஆட்டுக் காட்சியும் ஆள் கிடைக்காத குட்டியும்

வவுனியாச் சந்தையைப் பற்றி நான் எழுதியதை வாசித்துவிட்டு, நெடுந்தீவில் படிப்பிக்கும் தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். "எங்கட ஆட்டுக் காட்சிக்கும் ஒருக்கா வா. இன்னும் எத்தினை வருசம் நடக்குமோ தெரியாது." ஆவணி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காட்சி. நான் வெள்ளிக்கிழமையே புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணித்தியாலம் பிடித்தது. புங்குடுதீவுக்குள் நுழைந்த பிறகு பூட்டிய வீடுகளைத்தான் அதிகம் பார்த்தேன். சிலவற்றின் கேற்றில் புதுப் பெயின்ற், உள்ளே முழங்கால் உயரத்துக்குப் புல். துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். கீழ்த்தட்டில் டீசல் மணம் வயிற்றைப் பிரட்டும். மேலே இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

தோழி எனக்கு மரியதாஸ் அண்ணை வீட்டில் தங்க ஒழுங்கு செய்திருந்தாள். அறைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து நாலாயிரம் ரூபா. அவர் மாடும் ஆடும் வளர்ப்பவர். மனைவி ரீற்றா அக்கா, பத்தொன்பது வயது மகள் ஜெனிற்றா. மழை பெய்து ஐந்து மாதமாகியிருந்தது. கிணற்றில் உவர் நீர்தான். குடிநீர் பவுசர் லொறியில் வந்தது. வழியெல்லாம் கல்வேலிகளின் நிழலில் மாடுகள் எலும்பு தெரியப் படுத்துக் கிடந்தன.

காட்சியின் கதையைச் சொல்லும்படி அன்று பின்னேரம் அண்ணையிடம் கேட்டேன்.

"அது என்ர அப்பா காலத்திலயே இருந்தது," என்றார். "பள்ளிக்கூடம் விட்டு நிக்கிற பெடியன், பெட்டையளுக்கு ஆளுக்கொரு மறிக்குட்டி, அதுதான் பெண்குட்டி, குடுக்கிறது. ஆடு வச்சிருக்கிற சனம்தான் குடுக்கும். அது வளந்து முதல் ஈத்துப் போட்டா, அதில ஒரு மறியைக் காட்சி அண்டு இன்னொரு இளம் பிள்ளைக்குக் குடுத்திட வேணும். அப்பிடிக் கைமாறிக் கைமாறித்தான் இஞ்ச பாதிச் சனம் பிழைச்சது."

போர்க்காலத்தில் சனம் இடம்பெயர்ந்தபோது அது நின்றுபோயிற்று. திரும்பி வந்தவர்கள் பற்றைக்குள் காட்டு ஆடுகளாகித் திரிந்தவற்றைப் பிடித்து மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். தொடங்கிய ஆறு பேரில் இவரும் ஒருவர். பிறகு வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்களின் உதவியோடு, காட்சியில் முதலாவதாக வரும் ஒருவரை வருடந்தோறும் யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் வழக்கமும் சேர்ந்தது.

"போன பிள்ளையளில ஆர் திரும்பி வந்தது?" என்று கேட்டேன்.

அவர் எழுந்துபோய் மாட்டுக்குப் பனையோலை வெட்டத் தொடங்கினார்.

பதிலை ரீற்றா அக்கா குசினியில் சொன்னார். முதன்முதலாகத் தெரிவானது அவர்களுடைய மூத்த மகன் அமல். மோட்டார் திருத்தப் படித்தான். படிப்பு முடிந்ததும் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். துருக்கி வரைக்கும் போனதாக ஏஜென்சி சொன்னது. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

"அதுதான் இவருக்கு ஜெனிற்றாவைப் போக விட மனமில்லை," என்றார். "காட்சி நடத்துற குழுவில போய், 'நான் குழுவில இருக்கிறன், என்ர பிள்ளையைச் சேர்த்தா சனம் கதைக்கும்' எண்டு சொல்லி அவளைப் போட்டியில இருந்து விலத்தப் பாத்தவர். இவள் கூட்டத்துக்குப் போய் எல்லாருக்கும் முன்னால, 'அப்பா குழுவில இருந்து விலகட்டும், நான் விலகமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டாள்."

"அவர் என்ன செய்தவர்?"

"விலகிட்டார். வேற என்ன செய்யேலும்? அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் முகம் பாத்துக் கதைக்கேல்லை." பானையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் போகச் சொல்லித்தான் சொல்லுறன். இஞ்ச இருந்து என்ன செய்யப்போறாள்? ஆனா இரவில எனக்கும் நித்திரை வருகுதில்லை."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாடசாலை மைதானத்தில் காட்சி தொடங்கியது. ஐயர் ஒவ்வொரு ஆட்டின் நெற்றியிலும் திருநீறு பூசிப் போக, பின்னாலேயே பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஈரம் பட்ட திருநீறு வழிந்து ஆடுகளின் கண்ணுக்குள் போனது. இந்த இடத்தில் மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு காலத்தில் மைதானம் கொள்ளாமல் ஆடுகள் நிற்குமாம். நான் கண்டது நான்கே போட்டியாளர்களை. பனங்கட்டி, ஒடியல், கருவாடு விற்ற ஐந்தாறு தட்டிக் கடைகள். வெயில் ஏற ஏறச் சனம் குறைந்தது.

மரியதாஸ் அண்ணை உள்ளே வரவில்லை. வீதிக்கரைப் பூவரசமரத்தின் கீழ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். தான் மறுபடி தொடக்கிய காட்சியை வெளியில் நின்று பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. பத்தரை மணிபோல ஒரு வாளி தண்ணீரோடு வந்து, ஜெனிற்றாவின் ஆட்டுக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஆடு குடித்து முடியும் வரை வாளியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கால்நடை வைத்தியர் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். அந்த வறட்சியிலும் அவளுடைய ஆடுதான் மினுக்கத்தோடு நின்றது. முதலிடத்துக்கு அவள் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தபோது நான் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணை சைக்கிள் ஹாண்டிலில் தலையைக் கவிழ்த்திருந்தார்.

அதன் பிறகுதான் குட்டி கொடுக்கும் சடங்கு. கொடுப்பதற்கு இம்முறை இருந்தது ஒரே ஒரு குட்டி. ஜெனிற்றா மூன்று மாதக் கறுப்பு மறிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"வாங்கிற பிள்ளை ஆர்? முன்னால வாங்கோ," என்றார் அறிவிப்பாளர்.

எவரும் வரவில்லை. மற்றப் போட்டியாளர் மூவரிடமும் ஏற்கனவே ஆடுகள் இருந்தன. அறிவிப்பாளர் மறுபடி கேட்டார். ஒரு தாய் தன் மகனின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவன், "நான் கட்டார் போறனெல்லே அம்மா," என்று சொல்லிப் பின்னுக்கு நகர்ந்தான். குட்டி கத்திக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கியில் அதுவும் கேட்டது.

"சரி, பிறகு பாப்பம்," என்றார் அறிவிப்பாளர். பாட்டுப் போட்டார்கள்.

ஜெனிற்றா குட்டியை இறக்கிவிடாமல் வீடுவரை தூக்கிக்கொண்டே நடந்தாள். நான் அவளோடு போனேன். அரை மைல் தூரமும் அழுதாள். சந்தோசப்பட வேண்டிய நாளில் ஏன் அழுகிறாய் என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

அன்று பின்னேரம் அண்ணை தானாகவே என்னோடு கதைத்தார். "அவள் எடுத்த படிப்பு பிரிட்ஜ், ஏசி திருத்துறது. இஞ்ச எத்தினை வீட்டில ஏசி கிடக்கு, சொல்லும்? திரும்பி வாறதுக்கெண்டு ஆரும் அதைப் படிப்பினமே?"

இளைஞரை ஊரில் நிறுத்தத் தொடங்கிய காட்சிதான் இப்போது வருடத்துக்கு ஒருவரைப் படகேற்றி விடுகிறது. அதை நிறுத்தினாலும் அவர்கள் போகத்தான் போகிறார்கள், கையில் ஒரு தொழிலும் இல்லாமல்.

பயிற்சி திங்கட்கிழமை தொடங்குவதால் ஞாயிறு காலைப் படகில் அவளும் என்னோடு வந்தாள். துறையில் ரீற்றா அக்கா மகளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். அண்ணை பையைத் தூக்கிப் படகில் வைத்தார். "போட்டு வாறன் அப்பா," என்று அவள் சொன்னதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு படகுக்காரரிடம் போய், "பிள்ளையைக் கீழ இருத்தாதேங்கோ, டீசல் மணத்துக்கு அவளுக்குச் சத்தி வரும்," என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். காட்சிக்கு முதல் நாளே போய்விடுங்கள், காற்றுக் கடுமையானால் படகு ஓடாது. படகு நேரத்தை முதல் நாள் துறையிலேயே கேட்டு உறுதிசெய்யுங்கள். குடிநீரை யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொண்டு போங்கள். அவர்கள் தருவார்கள்தான், ஆனால் அது அவர்களுடைய பவுசர்த் தண்ணீர். சாப்பாட்டுக் கடைகளை நம்ப வேண்டாம், தங்கும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீவைச் சுற்றிக் காட்ட ஓட்டோவுக்கு நான் கொடுத்தது மூவாயிரம். கோட்டையும் காட்டுக் குதிரைகளும் பாவோபாப் என்கிற பெருக்கு மரமும் அந்தச் சுற்றுக்குள் அடங்கும். தட்டிக் கடைகளில் ஏதாவது வாங்குங்கள். அந்த வருமானமும் பயிற்சிக்குத்தான் போகிறது.

குறிகட்டுவானில் பஸ்ஸுக்காக முக்கால் மணித்தியாலம் நின்றோம். அதற்குள் ஜெனிற்றாவின் போன் மூன்று தரம் அடித்தது. மூன்று தரமும் அப்பாதான்.

"ஓம் அப்பா... குட்டிக்கு ரெண்டு தரம் தண்ணி வைக்க வேணும்... ஓம், குழையைக் கட்டித் தொங்கவிடுங்கோ, நிலத்தில போட்டாத் தின்னாது... இல்லை அப்பா, தாயோட விடலாம்."

அவளுக்கு ஆடு வளர்க்கப் பழக்கியதே அவர்தான். பஸ் வந்து நாங்கள் ஏறி இருந்த பிறகும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.