துணி நீளாது

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, இன்னொன்றை வாடிக்கையாளரின் பேண்ட் விளிம்பில் செருகியபடி, மாஸ்டர் உதட்டோரத்தால் பேசுகிறார்.

"துணி பொய் சொல்லாது சார். சுருங்கும், வெளுக்கும், கிழியும். நீளாது. போன வருஷப் பேண்ட் இப்ப குட்டையா இருக்குன்னா ஒண்ணு துணி சுருங்கியிருக்கணும், இல்ல நீங்க வளர்ந்திருக்கணும். நடுவுல வேற கதையே கிடையாது."

வழுக்கை விழுந்த அந்த வங்கி அதிகாரி, தான் இனி வளர வாய்ப்பில்லை என்பதை ஒப்புக்கொண்டு, சலவை இயந்திரத்தைத் திட்டிவிட்டுப் போகிறார். அவர் தலை மறைந்ததும் மாஸ்டர் தன் சொந்தப் பேண்ட் ஒன்றை எடுத்து, விளிம்பை விரலகலம் உள்ளே மடித்து, கடகடவென்று ஒரு தையல் ஓட்டுகிறார். தரையைப் பெருக்க ஆரம்பித்துவிட்டதாம். துணி நீளாது என்ற சட்டத்திலிருந்து அவர் துணிக்கு மட்டும் எப்படியோ விலக்கு கிடைத்திருக்கிறது.

"தொப்பை," என்பது அவர் விளக்கம். "தொப்பை வந்தா பேண்ட் இடுப்புல நிக்காது, கீழ இறங்கிடும். தொழில் தெரிஞ்சவனுக்குத்தான் இது புரியும்."

தொழில் தெரியாத அவர் மனைவிக்குப் புரியவில்லை. "சட்டையும்தான் முட்டியை எட்டிப் பார்க்குது. தோள்லயுமாங்க தொப்பை வந்திருக்கு?"

துணிக்கடைகள் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே இருக்கிறது அவருடைய இடம். மேலே ஆசைப்பட்டு வாங்கியதைத் தூக்கிக்கொண்டு மனிதர்கள் கீழே வந்து தங்கள் அளவை ஒப்புக்கொள்ளும் இடம். மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு திரை, இரண்டு இயந்திரம். சூரியன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. மாஸ்டருக்கு அதில் பரம திருப்தி. வெயிலில் அதிகம் அலையக்கூடாது என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னதை அவர் வெயிலே படக்கூடாது என்று திருத்தி வைத்திருக்கிறார். திருத்துவதுதானே தொழில்!

டாக்டர் அப்படிச் சொன்னதற்குக் காரணம், மாஸ்டரின் வலது அடிவயிற்றில் குடியிருக்கும் சிறுநீரகம். பதினெட்டு வருடங்களுக்கு முன் தங்கை கொடுத்தது. தவறிப்போய்க்கூட 'என் கிட்னி' என்று சொல்லமாட்டார். "அது அவளோடது. பொறுப்பு மட்டும்தான் என்னுது." இரவல் நகை போட்டுக்கொண்டு கூட்டத்தில் நுழைந்தவரைப் போலத்தான் நடமாட்டம். லிஃப்டில் நெரிசல் என்றால் கை தானாக வயிற்றுக்குப் போகும். வாடிக்கையாளர் தும்மினால் திரைக்குப் பின்னே போய்விடுவார்; அளவு எடுக்க வந்தவர் வெளியேயும் எடுப்பவர் உள்ளேயுமாகச் சற்று நேரம் நிற்பார்கள். முதுகுவலிக்கு மாத்திரை கிடையாது, கிட்னிக்கு ஆகாது. துணிமூட்டையைத் தூக்கியபோது முதுகுக்குள் ஏதோ சொடக்கென்றது. "வாயு" என்று முடித்துவிட்டார். பழைய கிட்னிகள் கெட்டு, டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்த காலத்தில் பாலும் தயிரும் குறைக்கச் சொன்னார்கள். அந்தத் தடையுத்தரவு எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆனால் அதை ரத்துசெய்தவர்களின் பேச்சை அவர் காதில் வாங்கவில்லை. தினம் காலையில் கிட்னிக்குக் காவலாக அவர் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, காவல் நேரம் போக எலும்பை மேய்ந்துகொண்டிருந்தது. வேலியும் அதுதான், மாடும் அதுதான்.

பரிசோதனைக்குப் போனால் ஒரே கேள்வி: "கிரியாட்டினின் எவ்வளவு டாக்டர்?" கிட்னியின் நலம் சொல்லும் அந்த எண் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் கும்பிட்டு எழுந்துவிடுவார். "இருங்க, கால்சியம் கொஞ்சம்…" என்று டாக்டரம்மா தொடங்கும்போது மாஸ்டர் வராந்தாவில் தங்கைக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார். "உன் சரக்கு பத்திரம்மா!"

தங்கை பள்ளி வேன் ஓட்டுகிறாள். எனவே குரல் எப்போதும் கடைசி இருக்கை வரைக்கும் போகும். போன மாதம் ஒரு சட்டையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க வந்தவள், கண்ணாடி முன்னால் அண்ணன் பக்கத்தில் நின்றாள். சிறு வயதிலிருந்து அவள் தலை அவர் காதைத் தாண்டியதில்லை.

"அண்ணா, நான் வளர்ந்துட்டேனா?"

"செருப்பு உசரம்மா."

"செருப்பை வாசல்லயே கழட்டியாச்சு."

மூன்று கண்ணாடிகளிலும் பார்த்தார்கள். மூன்றிலும் தங்கைதான் ஒரு விரலகலம் உயரம். மாஸ்டர் தொப்பையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தொப்பை தலையையா இழுக்கும்?" என்றாள் அவள். மறுநாள் பள்ளிக்கு வேறு ஓட்டுநரை அனுப்பிவிட்டு, அண்ணனை வேனில் ஏற்றி, பெல்ட்டையும் தானே மாட்டிவிட்டாள்.

எக்ஸ்ரே வந்தது. முதுகின் முள்ளெலும்புகளில் மூன்று, உட்கார்ந்த மெத்தைபோல அமுங்கிக் கிடந்தன.

"உயரம் இவ்வளவு குறைஞ்சிருக்கே, பேண்டெல்லாம் பெரிசாகலையா?" என்றார் டாக்டரம்மா.

"ஆச்சு. சின்னது பண்ணிக்கிட்டேன்."

"யாருகிட்ட குடுத்து? அந்த டெய்லராவது கேட்டிருக்க வேண்டாமா?"

"நான்தாங்க டெய்லர்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். தங்கை சுவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

விஷயம் கழுத்தில் இருக்கிறதாம். குரல்வளைக்குப் பக்கத்தில் அரிசி மணி அளவுக்கு நாலு சுரப்பிகள். கிட்னி கெட்டுக் கிடந்த வருடங்களில் ரத்தத்தில் கால்சியம் குறையும்போதெல்லாம் எலும்பைச் சுரண்டிக் கொடுத்துக் கொடுத்து, அரிசி அவரைக்கொட்டையாகப் பெருத்துவிட்டது. "புது கிட்னி வந்தாச்சு, வேலையை நிறுத்தலாம்னு அதுங்களுக்குப் புரியல. இன்னும் சுரண்டிக்கிட்டே இருக்கு."

"மருந்துல சொல்லிப் பாருங்களேன்."

"பால் குடிக்கலாம்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்? கேட்டீங்களா? உங்க சுரப்பிங்க அப்படியே உங்களை மாதிரிதான். இப்ப மருந்துக்குக் கட்டுப்படுற கட்டத்தைத் தாண்டியாச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

மாஸ்டர் வழக்கம்போல எழப் பார்த்தார். தங்கை தோளை அழுத்தி உட்காரவைத்தாள். உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"வேண்டாம் டாக்டர். மயக்க மருந்து, கத்தின்னு போய், கிட்னிக்கு ஒண்ணு ஆச்சுன்னா? எலும்பு என்னுது, போனா போகட்டும். கிட்னி இவளோடது. இவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"எலும்புலேர்ந்து கிளம்புற கால்சியம் எந்த வழியா வெளிய போகுதுன்னு நினைக்கிறீங்க? அந்தக் கிட்னி வழியாத்தான். போற வழியில அங்கயே படிய ஆரம்பிச்சிருக்கு. கிரியாட்டினின் இந்தத் தடவை ஏறியிருக்கு. நீங்க கேட்கலை, அதான் நானே சொல்றேன்."

மாஸ்டரின் முகம், வெட்டிய பிறகு அளவு தப்பென்று தெரிந்துகொண்டவரின் முகமாக இருந்தது.

தங்கைதான் முதலில் வாயைத் திறந்தாள். வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "ஒண்ணே ஒண்ணு குடுத்தேன். அதைக் கட்டிக் காப்பாத்துறேன்னு மத்ததையெல்லாம் தொலைச்சுட்டு நிக்கிறியே அண்ணா! பை கிழிஞ்சு தொங்கினா உள்ள இருக்கிற சாமான் மட்டும் தப்பிக்குமா? இன்னும் கொஞ்ச நாள் போனா என் எலும்புக்கூட்டையும் கழட்டிக் குடுன்னு கேட்பே. அது நடக்காது, சொல்லிட்டேன். எனக்கு வேன் ஓட்டணும்."

"கோவிச்சுக்காதம்மா."

"கோவம் இல்ல. எனக்கு அண்ணன் வேணும். கிட்னி ஒண்ணு எங்கிட்டயே இருக்கு."

சுரப்பி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க டாக்டரம்மா எழுந்து வந்தார். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தார். காலர் பொத்தானை அவிழ்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, அளவு கொடுக்க வந்தவரைப் போல முதுகை முடிந்த மட்டும் நிமிர்த்தி, மோவாயை மேலே தூக்கிக்கொண்டார்.