பார்படோஸ் சுவரில் பிஸ்கட்டவே பனி

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாடக் கரீபியன் தீவான பார்படோஸுக்குப் போகலாம் என்றார் என் கணவர் சுந்தர். கடற்கரையில் சும்மா படுத்துக்கிடக்க எனக்குப் பொறுமை கிடையாது. "தினமும் ஒரு ஆர்ட் கேலரி, மிச்ச நேரம் உங்க கடல்" என்று பேசி முடித்து, பிப்ரவரியில் நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான பிஸ்கட்டவேயின் பனியை விட்டுக் கிளம்பினோம். நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்திலிருந்து நேர் விமானம், சுமார் ஐந்து மணி நேரம்.

முதல் இரண்டு நாள் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் சுற்றினோம். நாங்கள் போன கேலரிகள் எல்லாம் சின்னவை, அனுமதி இலவசம். பல இடங்களில் வரைந்தவரே கல்லாவில் நிற்பார். நான் அவர்களைக் கேள்வி கேட்டே துளைத்தேன். சுந்தர் ஏசிக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஸ்பைட்ஸ்டவுன் என்ற சின்ன ஊர். பஸ்ஸுக்கு மூன்றரை பார்படோஸ் டாலர், அமெரிக்கக் காசில் ஒன்றே முக்கால் டாலர். சரியான சில்லறை கையில் இருக்கட்டும். அங்கே டோரீன் என்ற ஓவியர் தன் வீட்டு முன்னறையையே கேலரியாக வைத்திருக்கிறார். முன்கூட்டியே போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். வீடு என்று ஆனபிறகு வெறுங்கையோடு எப்படிப் போவது? அதனால் நான் வரைந்த ஒரு சின்னப் படத்தைத் துப்பட்டாவில் சுற்றி ஊரிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். கொட்டும் பனியில், புடவைக்கு மேல் குளிர்கோட் போட்ட ஒரு ஆன்ட்டி இந்தியன் கடை வாசலில் கறிவேப்பிலையோடு வழுக்கி விழப் பார்க்கும் படம்.

"பெயின்டர் வீட்டுக்கே பெயின்டிங்கா? திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோற ஆள் நீதான்!" என்று சுந்தர் வழி முழுக்கச் சிரித்தார்.

டோரீன் துப்பட்டாவைப் பிரித்துப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு, "யார் வரைந்தது?" என்றார்.

"என் வைஃப்தான் மேடம். சும்மா டைம்பாஸ்" என்று முந்திக்கொண்டார் சுந்தர். கெட்ட எண்ணமில்லை. நம்மை நாமே புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று வளர்ந்த மனிதர். மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தபோதும் "ஏதோ கிடைச்சுது" என்றவர்.

டோரீன் என்னைப் பார்த்தார். "இதை மாட்ட எனக்கு ஆசை. ஆனால் என் சுவர் ஓவியர்களுக்கு மட்டும். டைம்பாஸ் என்று இவர் சொல்வது சரியா?"

நியூ ஜெர்சியில் எத்தனையோ கிரகப்பிரவேசத்துக்குப் படம் கொடுத்திருக்கிறேன். பாதி, கெஸ்ட் பாத்ரூமில் தொங்குகின்றன. ஒன்றிலும் கையெழுத்துப் போட்டதில்லை. 'ஆமாம், டைம்பாஸ்தான்' என்ற பதில் தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சுவர் எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இல்லை. நான் ஓவியர்" என்றேன்.

டோரீன் ஒரு பிரஷ்ஷை நீட்டினார். படத்தின் ஓரத்தில் தமிழிலேயே 'மல்லிகா' என்று எழுதினேன். சுவரில் கரும்புத் தோட்ட ஓவியத்துக்கும் மீன்பிடிப் படகு ஓவியத்துக்கும் நடுவே எங்கள் ஊர்ப் பனி ஏறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவ்வளவு பெருமையாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் சுந்தர் அந்தச் சுவரைப் போனில் எடுத்த போட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தார்.

போகிறவர்களுக்கு: நாங்கள் ஏறிய டாக்சிகளில் மீட்டர் இல்லை, ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை நம்பாதீர்கள், கேலரிகள் மூடியிருக்கும். நீங்களும் வரைபவர் என்றால் ஒரு படத்தைப் பெட்டியில் வையுங்கள், கையெழுத்தோடு.

ஜே.எஃப்.கே. இமிக்ரேஷனில் அதிகாரி என்னிடம், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்றார். "ஓவியர்" என்றேன். தலையாட்டிவிட்டுச் சுந்தர் பக்கம் திரும்பினார்.

"நீங்கள்?"

இருபது வருடமாக மருந்துக் கம்பெனியில் மேனேஜராக இருக்கும் மனிதர், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "இவங்க ஹஸ்பெண்ட்."