பர் பர்

பாலகுருவுக்கு நடிப்பு ஆசை எதுவும் இருந்ததில்லை. ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பிலிருந்து தினமும் துபாயின் ஒரு தனியார் பள்ளிக்குத் துப்புரவு டியூட்டிக்குப் போகிறவன். ஆண்டு விழாவுக்கு அங்கே பழைய கிரேக்க நாடகம் ஒன்றைப் போட்டார்கள். காவல் நிற்கும் அந்நிய நாட்டு அடிமை வேடத்துக்கு மாணவர் யாரும் முன்வரவில்லை. டைரக்டரின் கண் துடைப்பத்தோடு நின்ற பாலகுருமேல் விழுந்தது.

ஒத்தாசைக்கு இருந்த மதுரைக்காரி அருணா டீச்சர்தான் கதையை விளக்கினாள். கிரேக்கர்கள் ஊருக்கு ஊர் அடித்துக்கொண்டவர்கள். தங்கள் மொழி தெரியாதவன் பேச்சு அவர்கள் காதில் 'பர் பர்' என்று விழுந்தது. அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மேடையில் அவனை உளறவிட்டுச் சேர்ந்து சிரிக்கச் சிரிக்க, நாமெல்லாம் ஒரே இனம் என்ற நினைப்பு அவர்களுக்குள் ஊறியது.

"நீங்க தமிழ்லயே எதையாவது பேசுங்கண்ணே. அங்க யாருக்கும் புரியாது," என்றாள்.

அந்த வாரம்தான் பாலகுருவின் ரூம்காரன் ராக்கப்பன் அதே கம்பெனியின் கட்டட சைட்டில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்து செத்திருந்தான். ஊருக்குக் கம்பெனி சொல்லிக்கொள்ளும், நீ வாயைத் திறக்காதே, கலாஸ், பேச்சு முடிந்தது என்று சூப்பர்வைசர் அடக்கிவிட்டார். ராக்கப்பனின் மனைவி சரசு பாலகுருவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். அவன் எடுக்கவில்லை.

மேடையில் விளக்கு முகத்தில் அடித்ததும் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ராக்கப்பன் ஐஸ்பெட்டியில கெடக்கான். சரசு போன் மேல போன் அடிக்கிறா. நான் அவகிட்ட என்னத்தச் சொல்ல?"

அரங்கம் குலுங்கியது. பல நாட்டுப் பிள்ளைகளும் பெற்றோர்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவன் குரல் உடைய உடையச் சிரிப்பு கூடியது.

உள்ளே வந்தவனிடம் அருணா, "நெசமாவாண்ணே?" என்றாள். தலையாட்டினான். அவள் டைரக்டரிடம் போய் அர்த்தத்தைச் சொன்னாள். டைரக்டர், பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியாதே, நாளைக்கும் அதையே பேசட்டும் என்றார்.

பாலகுரு வேட உடையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியேறினான்.

கேம்ப் பஸ்ஸில் சரசுவின் போன் வந்தது. எடுத்தான். ஒளிக்காமல் சொன்னான்.

அவள் அழவில்லை. "என்ன சொல்றீக? ஒண்ணும் வெளங்கலையே," என்றாள். மறுபடி சொன்னான். கேம்ப் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

மறுநாள் மேடையில் ஒரு வங்காளதேசத்துக்காரனை நிறுத்தினார்கள். அவனுக்கும் நன்றாகச் சிரித்தார்களாம். ஊருக்குச் சொன்ன குற்றத்துக்காக சூப்பர்வைசர் பாலகுருவைப் பள்ளியிலிருந்து எடுத்து, ராக்கப்பன் நின்ற சைட்டிலேயே போட்டார்.