முட்டைக்கு வாசித்த வயலின்கள்

காதருகே குனிந்து கேட்டால் மட்டும் புரிகிற பேச்சைப் பேச்சு என்று சொல்லலாமா, கூடாதா? என் மகளுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. அவள் பேசுகிறாள் என்று நான் சொல்கிறேன். போளூரில் என் மாமியார் வீட்டில், பேசவில்லை என்கிறார்கள். இரண்டுமே உண்மையாக இருக்க முடியுமா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. ஆனால் குற்றவாளி யார் என்று அவர்கள் முடிவு செய்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் செய்கிற வேலையைப் பாதியில் வைத்துவிட்டு நின்றுவிடுகிறேன். ஒரு பாட்டுக் கேசட்டின் மேல் பழியைப் போட்டார்கள்.

நாங்கள் காவலூரில் குடியிருக்கிறோம். கணவருக்கு இங்குள்ள வானாய்வு நிலையத்தில் தொலைநோக்கியை இயக்கும் வேலை. வானம் தெளிந்த இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்த பிறகு வந்து படுப்பார். குடியிருப்பில் பல வீடுகளிலும் இப்படித்தான். அதனால் பகலில் எங்கள் வரிசையில் யாரும் சத்தம் போடுவதில்லை. சட்டம் ஒன்றும் கிடையாது, எல்லோருக்கும் பழகிவிட்டது. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய் அடுப்பைக் குறைப்போம். பாத்திரங்களைத் துணி விரித்துக் கவிழ்ப்போம். "எங்க வூட்டுக் கோழிகூட முட்ட போட்டா மனசுக்குள்ளதான் கத்தும்" என்பார் பக்கத்து வீட்டு அக்கா.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் நான் பேசுவது கிசுகிசுப்புதான். மகள் பிறந்த பிறகு தாலாட்டு, கொஞ்சல், அதட்டல் எல்லாமே அப்படி ஆயின. அவளும் அதையே கற்றுக்கொண்டாள். "அம்மா, காக்கா பாரு" என்று அவள் சொன்னால் வெறும் காற்றாக வரும். எனக்கு அது புரிந்ததால், அதில் ஏதோ குறைகிறது என்று தோன்றவே இல்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் அப்படி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுக்கு அண்ணனோ அக்காவோ இருக்கிறார்கள், வெளியே ஓடிப் போய்க் கத்திவிட்டு வருகிறார்கள். என்னுடையது ஒற்றைப் பிள்ளை. தவிர, கணவரின் தூக்கம் கெடக்கூடாது என்பதில் நான் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே கவனமாக இருந்துவிட்டேனோ என்னவோ.

அந்தக் கேசட் வந்த கதை இது. ஆராய்ச்சிக்காக வந்து தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், நான் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவள் என்று கேள்விப்பட்டு, ஊருக்குத் திரும்பும்போது கணவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் போட்டுக் கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது. பாடுகிறவருக்குக் குரலே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வம்பு பேசுகிற மாதிரி பாடினார். பின்னாலோ வயலின், டிரம்பெட், புல்லாங்குழல் என்று ஒரு பெரிய கூட்டமே வாசித்தது.

அட்டைக்குள் மடித்து வைத்திருந்த தாளில் பாட்டு வரிகள் பொடி எழுத்தில் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பாட்டில், முட்டையை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்று ஒரு கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். சண்டை வளர வளர, ராஜா இறந்துபோனதுபோல வயலின்கள் விம்முகின்றன. இன்னொன்றில், தனக்குப் பிடிக்காத ஒருவரின் சாவுக்குப் போனவர், அங்கே தன் குடையை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற கவலையில் உண்மையாகவே அழுகிறார்; எல்லோரும் வந்து அவருக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.

அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நம் சினிமாப் பாட்டிலும் வயலின்கள் உண்டு. ஆனால் இந்த இடத்தில் அழ வேண்டும் என்று அவை முன்கூட்டியே சொல்லிவிடும். இதில் பாடுகிறவர் கிண்டல் செய்ய, வாத்தியங்கள் முகத்தைச் சுளிக்காமல் பெரிய மனிதர்கள் போல நிற்கின்றன. கொஞ்ச நாள் கேட்டபின் இன்னொன்று புரிந்தது. அந்தச் சண்டை எனக்கும் தெரிந்த சண்டைதான். அது ராஜாவின் சாவைவிடச் சின்னது என்று யார் சொன்னது? வீட்டுக்குள் நடக்கிற அற்ப விஷயத்துக்கு அத்தனை பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்பதே ஒரு மரியாதையாகத் தெரிந்தது. அதைவிட, கேட்கிறவளுக்குப் படிப்பு இருக்கும், குசும்பும் புரியும் என்று நம்பி அந்தப் பாட்டுகளை எழுதியிருந்தார்கள். பிள்ளை பெற்ற பிறகு என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பால் கட்டியிருக்கிறதா, பல் முளைத்ததா என்று மட்டுமே கேட்டார்கள்.

மழைக்காலம் வந்தால் குடியிருப்பே மாறிவிடும். மேகம் மூடினால் தொலைநோக்கிக்கு வேலை இல்லை. ஆண்கள் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருப்பார்கள். குக்கர்கள் ஆசை தீர விசில் அடிக்கும். எனக்கு மட்டும் அப்போதும் கிசுகிசுப்புதான் வரும். இந்த வருடம் மழை பிடித்தபோதுதான் கேசட்டைச் சத்தமாக வைத்தேன். முட்டைப் பாட்டின் நடுவில் டிரம்பெட்டுகள் ஒன்றாகச் சேரும் இடத்தில் என் மகள் எழுந்து நின்று "பாம்! பாம்!" என்று கத்தினாள். வெறும் காற்று அல்ல, தொண்டையிலிருந்து வந்த முழுக் குரல். கணவர் காபியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவள் அழுது கேட்டிருக்கிறார்; முழுக் குரலில் பேசி அவர் அதுவரை கேட்டதே இல்லை.

அந்த மழையிலேயே போளூருக்குப் போனோம். பஸ்ஸில் மடியில் வைத்தே டேப் ரிக்கார்டரையும் கொண்டுபோனேன். மகள் கத்துவதை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று ஆசை. புது வீடு, புது முகங்கள். அவள் பழையபடி கிசுகிசுப்புக்குத் திரும்பிவிட்டாள்.

"இன்னாம்மா, கொயந்த வாயே தொறக்க மாட்டுது?" என்றார் மாமியார்.

"பேசறா அத்தை. மெதுவா பேசறா. கிட்ட போய்க் கேளுங்க."

"கிட்ட போய்க் கேக்க அது இன்னா ரகசியமா? இந்த வயசுல உன் வூட்டுக்காரன் தெருவையே கூட்டுவான்."

மாமியாரின் தம்பி கிறிஸ்தவ சபையில் மூப்பர்; நல்லவர், குரல் வளம் உள்ளவர். நாள் முழுக்கக் குழந்தை என்ன கேட்கிறது என்று விசாரித்தார். நான் பெருமையாகக் கேசட்டைப் போட்டேன். மகள் வாயைத் திறக்கவில்லை. மாமா பொறுமையாகக் கேட்டார்.

"இன்னா சொல்றான் இந்தாளு?"

"முட்டைய எவ்ளோ நேரம் வேக வெக்கணும்னு சண்ட, மாமா."

"முட்டைக்கா இத்தினி பேரு வாசிக்கிறாங்க?"

"அதுதாங்க மாமா வேடிக்கையே."

"உனக்கு வேடிக்க. புரியாத பாஷ உள்ள போயி கொயந்த நாக்கக் கட்டிப் போட்டுடுச்சி."

மாமியார் தலையாட்டினார். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. என் கிசுகிசுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "புருசன் தூங்கறப்ப சத்தம் போடாத இருக்கறது நல்ல பழக்கம்தான?" என்று மாமியார் அதை ஒதுக்கிவிட்டார். நல்ல பழக்கம் குழந்தையின் குரலைக் கெடுக்குமா? சிரிக்க வைக்கிற பாட்டுதானே கெடுக்கும்!

மறுநாள் நான் துணி துவைத்துவிட்டு வந்தபோது காரியம் முடிந்திருந்தது. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் ஓட்டையைக் காகிதம் மடித்து அடைத்தால், பாட்டின் மேலேயே வேறு எதையும் பதிவு செய்யலாம். மாமா அப்படியே செய்து, பழைய பாட்டின் மேல் தன் பிரசங்கத்தைப் பேசிப் பதிந்திருந்தார். எனக்கு உபகாரம் செய்த சந்தோஷத்தில், எல்லோரையும் உட்காரவைத்து அவரே பொத்தானை அமுக்கினார். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், அதே பிரசங்கத்தைக் கோயிலில் மனதாரக் கேட்டிருப்பேன். ஆனால் வயலின்கள் வர வேண்டிய இடத்தில் மாமாவின் தொண்டைச் செருமல்தான் வந்தது.

மகள் டேப் ரிக்கார்டரின் முன்னால் போய் நின்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு வீடே அதிரக் கத்தினாள்: "இது இல்ல! பாம் பாம் போடு! தாத்தா வேணாம்!"

எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். நான் அழுதுவிட்டேன். இனி யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று நினைத்தேன். மாமியாரும் அழுதார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடா, உன் பிரசங்கம் காதுல உயுந்ததும் கட்டு அவுந்துடுச்சி!" என்றார்.

அவள் என்ன சொல்லிக் கத்தினாள் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. காதருகே குனியத் தேவையே இல்லாதபோதும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். "கேசட்டுல இன்னொரு பக்கம் மிச்சம் இருக்குதில்ல, வுடு" என்றார்.

"ராத்திரி பூரா ஒக்காந்து நீங்க எடுத்த நட்சத்திரப் படத்து மேல எங்க பொறந்த வூட்டு மாமா கல்யாணப் போட்டோ எடுத்தா வுட்டுடுவீங்களா?"

"அது ஆபீஸ் சொத்து" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது மாமியார் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். பள்ளியில் சேர்க்கும் வயது வரும்வரை குழந்தை போளூரிலேயே இருக்கட்டுமாம். அங்கே சனங்கள் உண்டு, பஸ் ரயில் சத்தம் உண்டு, பேச்சு தானாக வருமாம். மழை நின்றதும் அவரே வந்து கூட்டிப்போவாராம். கணவர் என் விருப்பம் என்கிறார். அவர் குரலைக் கேட்டால் அனுப்பிவிடலாம் என்பது போல இருக்கிறது. எனக்கு வருகிற கோபத்தில், பொய்ச் சாட்சி சொன்னவர்களிடம் பிள்ளையை ஒப்படைப்பதா என்று தோன்றுகிறது. அடுத்த நிமிடமே, அவர்கள் சொன்ன காரணம் தப்பாக இருந்தாலும் சொன்ன வழி சரியாக இருந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. இங்கே மேகம் கலைந்துவருகிறது. இரண்டு நாளாகக் கணவர் பகலில் தூங்குகிறார். நேற்று மகள் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு, உதட்டில் விரலை வைத்து எனக்கே "ஸ்ஸ்" என்றாள்.

இதைப் படிக்கிறவர்களில் ராத்திரி வேலைக்காரரைக் கட்டிக்கொண்டவர்கள் இருப்பீர்கள். மில்லிலோ ரயில்வேயிலோ ஆஸ்பத்திரியிலோ அவர்கள் வேலை பார்க்கலாம். பகலில் உங்கள் பிள்ளைகளோடு எப்படிப் பேசினீர்கள்? எங்கே கத்த விட்டீர்கள்? மகளைப் போளூருக்கு அனுப்பட்டுமா, அல்லது கணவரின் தூக்கம் போனாலும் போகட்டும் என்று கேசட்டில் மிச்சமிருக்கும் அந்த ஒரு பக்கத்தைச் சத்தமாக வைக்கட்டுமா? மாமியார் வருவதற்குள் யாராவது சொல்லுங்கள்.